இந்தக் கோடையில் நம்ம மாவட்டத்தில் எந்தப் படம் எத்தனை வாரம் ஓடும்?

மக்களே, எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். கன்னியாகுமரி மாவட்டம் முட்டம் கடற்கரையில் இருந்து பேசுகிறேன். பாரதிராஜா வந்து படம் எடுத்த அதே பாறைகள்தான் பின்னால் தெரிகிறது. காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, குரல் கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு 2025 ஏப்ரல் 20. இனி ஜூன் வரைக்கும் வரிசையாகப் படங்கள் வருகின்றன. கேங்கர்ஸ், துடரும், ரெட்ரோ, டூரிஸ்ட் ஃபேமிலி, மாமன், டிடி நெக்ஸ்ட் லெவல், கடைசியில் தக் லைஃப். இதில் எது நம்ம மாவட்டத்தில் ஓடும், எது ஓடாது என்று சொல்லப்போகிறேன். எத்தனை கோடி என்று சொல்ல மாட்டேன். எத்தனை வாரம் ஓடும் என்று சொல்வேன். ஏன் கோடியை விட்டுவிட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அஜித்தின் குட் பேட் அக்லி 10ஆம் தேதி வந்தது. முதல் நாள் தமிழ்நாட்டில் மட்டும் 30 கோடிக்கு மேல் என்று போஸ்டர் வந்தது. அது மொத்த வசூல், அதாவது நாம் கவுண்டரில் கொடுத்த பணம் எல்லாம் சேர்ந்த தொகை. 100 ரூபாய்க்கு மேல் போகிற டிக்கெட்டில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி. இரண்டும் போக மிச்சத்தில் தியேட்டருக்கு ஒரு பங்கு. அதற்கு அப்புறம் கையில் நிற்பதுதான் விநியோகஸ்தர் ‘ஷேர்’ என்று சொல்வது. அவர் என்ன விலைக்கு வாங்கினார், அந்த ஷேர் அந்த விலையைத் தாண்டியதா, இதை வைத்துத்தான் வெற்றியும் தோல்வியும். இந்தக் கணக்கு போஸ்டரில் வராது.

இன்னொன்று, விநியோகஸ்தர்கள் நம்மைத் தனியாகக் கணக்கு வைப்பதில்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரி இரண்டையும் சேர்த்து ‘டிகே ஏரியா’ என்று ஒரே பெயர். ஆனால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்களும் மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களும் ஒரே மாதிரியா? நம்ம ஊருக்கு என்று ஒரு காலண்டர் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் காலண்டரில் முதலில் வருவது தவக்காலம், ஈஸ்டருக்கு முன் வருகிற நோன்புக் காலம். 2011 கணக்கெடுப்பின்படி நம்ம மாவட்டத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். கடற்கரை ஊர்களில் ஏறக்குறைய எல்லாருமே. அது தொடங்குகிற சாம்பல் புதன் மார்ச் 5 அன்று வந்தது. அன்றிலிருந்து இன்றைக்கு வரை எங்கள் தெருவில் பல வீடுகளில் சினிமா கிடையாது. எங்கள் அம்மா டிவியில்கூடப் படம் வைக்க மாட்டார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். மோகன்லாலின் எம்புரான் மார்ச் 27, குட் பேட் அக்லி ஏப்ரல் 10. இரண்டுமே தவக்காலத்துக்குள். 10ஆம் தேதி காலை 9 மணிக் காட்சிக்கு நாகர்கோவிலில் நானும் நின்றேன். வாசலில் நிற்க இடமில்லை, நல்ல கூட்டம். ஆனால் முழுக்க இளவட்டம். அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, அதற்கப்புறம் புனித வாரம். சென்னையில் மகாவீர் ஜெயந்தி தொடங்கி தமிழ்ப் புத்தாண்டு வரைக்கும் ஐந்து நாள் வாரக்கடைசி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அந்த நாட்களில் மாதா கோவிலுக்குத்தான் கூட்டம். அஜித் ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், படத்தைக் குறை சொல்லவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்தப் படம் இன்றைக்குச் சாயங்காலம்தான் தொடங்குகிறது. அடுத்த வாரம் காட்சிகளைக் குறைக்காமல் வைத்திருக்கிற தியேட்டருக்கு நல்ல பலன் இருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, இப்போது வரப்போகிற படங்கள்.

24ஆம் தேதி கேங்கர்ஸ். சுந்தர் சி, வடிவேலு. போன வருஷம் மே 3 அன்று அரண்மனை 4 வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் வந்ததைப் பார்த்தோம். சுந்தர் சிக்கு கோடை விடுமுறை நன்றாகத் தெரியும். 6 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் தேர்வு முடிவதும் அதே 24ஆம் தேதிதான். வடிவேலு சிரிக்க வைத்துவிட்டால் இரண்டு வாரம் ஓடும்.

25ஆம் தேதி துடரும். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையப் பேசுவேன்.

மோகன்லால், ஷோபனா. இயக்கம் தருண் மூர்த்தி. நம்ம ஊரில் மலையாளப் படம் வெளியூர்ப் படம் இல்லை, அதை வெளியில் இருக்கிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் விஷுவும் கொண்டாடுவார்கள், சித்திரை ஒன்றும் கொண்டாடுவார்கள். டப்பிங் இல்லாமல் நேராக மலையாளத்திலேயே பார்ப்போம். 2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்து, தமிழ்நாட்டில் 50 கோடி தாண்டிய முதல் மலையாளப் படம் என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். கேரள எல்லையில், களியக்காவிளையில் இருக்கிறவருக்கு அதில் என்ன ஆச்சரியம்? அவர் எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

துடரும் படத்தில் மோகன்லால் டாக்ஸி டிரைவர். ஒரு பழைய அம்பாசிடர் கார். எம்புரானுக்கு நேர் எதிர்ப் பக்கம். எம்புரானைப் பார்க்க ரசிகர்கள் போனார்கள். இதைப் பார்க்க அவர்களுடைய அம்மாமார் வருவார்கள். ஷோபனா என்று கேட்டதுமே எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தேதி என்ன என்று விசாரித்தார்கள். தவக்காலம் முடிந்து முதல் வெள்ளிக்கிழமை, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்குகிற நாள். என் கணிப்பு: மார்த்தாண்டம் பக்கம் குறைந்தது நான்கு வாரம், நாகர்கோவிலில் மூன்று. இந்தக் கோடையில் நம்ம மாவட்டத்தில் அதிக நாள் ஓடப்போகிற படம் இதுதான்.

அப்புறம் மே 1, ரெட்ரோ. சூர்யா, கார்த்திக் சுப்பராஜ், சந்தோஷ் நாராயணன் இசை. போன நவம்பரில் கங்குவா எதிர்பார்த்த மாதிரி போகவில்லை. அதனால் ரசிகர்களுக்கு இது மனசோடு சம்பந்தப்பட்ட படம். இந்தப் படத்தின் கனிமா பாட்டு போடாத கல்யாண வீடே இந்த ஒரு மாதமாக இல்லை. மே 1 வியாழக்கிழமை, விடுமுறை. நான்கு நாளும் அரங்கு நிறையும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நம்ம மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2023 அக்டோபரில் லியோ வந்தபோது அங்கே விடியற்காலை 4 மணிக்கே போட்டார்கள். நம்ம பையன்கள் பைக் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று போய்விட்டார்கள். நம்ம ஊர் ரசிகன் கொடுத்த பணம் கேரளக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. சூர்யாவுக்கு அங்கேயும் பெரிய கூட்டம் இருக்கிறது. ரெட்ரோவுக்கும் அதிகாலைக் காட்சி வைத்தால் நம்ம பையன்கள் நிற்க மாட்டார்கள். அப்போது குமரி மாவட்ட முதல் நாள் வசூல் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதை வைத்து யாரும் படம் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு வாரம் உறுதி. மூன்றாவது வாரம், படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதே மே 1 அன்று டூரிஸ்ட் ஃபேமிலி. சசிகுமார், சிம்ரன். அபிஷன் ஜீவிந்த் என்கிற புது இயக்குநர். இலங்கையில் இருந்து இங்கே வந்து சேர்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சூர்யா படத்தோடு வருவதால் நம்ம ஊரில் இதற்கு ஒன்று இரண்டு காட்சிதான் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தப் படத்தை விட்டுவிடாதீர்கள். நம்ம மாவட்டத்திலேயே பழவிளையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என்னோடு படித்த பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் பேச்சு, அவர்கள் வீட்டுச் சாப்பாடு எல்லாம் நமக்குத் தெரியும். முன்னோட்ட வீடியோவில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தபோது எனக்குப் பழகிய முகங்களாகத்தான் இருந்தது. முதல் வாரத்தைவிட இரண்டாவது வாரம் கூட்டம் கூடுகிற படமாக இது இருக்கும். காட்சியைக் கூட்டிக் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மே 16 அன்று சூரியின் மாமன், சந்தானத்தின் டிடி நெக்ஸ்ட் லெவல். இரண்டில் மாமனுக்குத்தான் என் ஓட்டு. தாய்மாமன் கதைக்கு இந்த மண்ணில் எப்போதும் ஆள் உண்டு.

இடையில் தியேட்டர்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன மே மாதம் ஒரு தியேட்டரில் மதியக் காட்சிக்குப் போனோம். இடைவேளைக்கு அப்புறம் ஏசியை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். எங்கள் பாட்டி முந்தானையால் விசிறிக்கொண்டே கிளைமாக்ஸ் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பாட்டி தியேட்டருக்கு வரவே இல்லை. குடும்பங்கள் வருவதில்லை என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் வந்த பாட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கடைசியாகத் தக் லைஃப், ஜூன் 5. நாயகன் வந்தது 1987. அதற்கப்புறம் இப்போதுதான் கமலும் மணிரத்னமும் சேர்கிறார்கள். கூட சிலம்பரசன், ஏ.ஆர்.ரஹ்மான். எங்கள் அப்பாவுக்கு இந்தக் கோடையில் இந்த ஒரு படம்தான் கணக்கு.

ஆனால் தேதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் நம்ம மாவட்டத்தில் இரண்டு விதம். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரைக்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அப்படியென்றால் ஜூன் 1 முதல் 14 வரைக்கும் மாவட்டம் முழுக்க எந்த விசைப்படகும் கடலுக்குப் போகாது. சரியாக அந்த இரண்டு வாரத்துக்குள் இந்தப் படம் வருகிறது. அதே நேரம் பள்ளிக்கூடம் திறக்கும்: நோட்டு, சீருடை, செருப்பு, குடை. இடவப்பாதி மழையும், அதாவது தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிடும். மழை என்றால் ரப்பர் பால் வெட்டும் நிற்கும், மலையோரத்திலும் கையில் காசு இருக்காது.

தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8000 ரூபாய். ஐந்து பேர் தியேட்டருக்குப் போய் வண்டிக்கூலி, தின்பண்டம் எல்லாம் சேர்த்தால் 1500 ஆகிவிடும். “படம் பாக்க நேரம் கிடைக்கிறதே தடைக்காலத்துலதான், ஆனா அப்போ மடியில பணம் இருக்காது” என்று அப்பா சொல்வார்.

இதற்கு எதிராக நானே ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 ஜூன் 3 அன்று கமலின் விக்ரம் வந்தது. இங்கே தடை தொடங்கி மூன்றாவது நாள். முதல் வாரம் எங்கள் தெருவில் யாரும் போகவில்லை. பார்த்தவர்கள் வந்து சொல்லச் சொல்ல, இரண்டாவது வாரம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேன் பிடித்துப் போனோம். திரும்பி வரும்போது நல்ல மழை, வேனுக்குள் ஒரே பேச்சு. ஆகவே தடைக்காலத்தில் படம் ஓடாது என்று சொல்ல முடியாது. யாராவது பார்த்துவிட்டு வந்து “கட்டாயம் போ” என்று சொன்னால் கடன் வாங்கியாவது போவோம். “பரவாயில்லை” என்று சொன்னால் ஆகஸ்டு வரைக்கும் பொறுத்து ஓடிடியில் பார்த்துக்கொள்வோம். தக் லைஃப் முதல் நான்கு நாள் நிறையும். அதற்குமேல் அந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. கணிப்பு சொல்லியே ஆக வேண்டும் என்றால், நம்ம மாவட்டத்தில் இரண்டு வாரம் என்று சொல்வேன். மே மாத நடுவில் வந்திருந்தால் நான்கு என்று சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டாவது திங்கட்கிழமை நான் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய் மதியக் காட்சியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வந்து சொல்கிறேன். கணிப்பு தப்பினால் அதையும் சொல்வேன். உங்கள் ஊரில் கூட்டம் எப்படி என்று எழுதுங்கள், முக்கியமாகக் குலசேகரம், அருமனை பக்கம் இருக்கிறவர்கள். அங்கே எனக்கு ஆள் இல்லை.

சூரியன் இறங்கிவிட்டது, போகிறேன். காலையில் திருப்பலி முடிந்து வரும்போது அம்மா கேட்டார்கள்: “அந்த ஷோபனா படம் வெள்ளிக்கிழமைதானே?” புக்கிங் திறந்ததும் நான்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பாட்டிக்கும் சேர்த்து. இந்தத் தடவை வேறு தியேட்டரில்.