தெருவில் தொங்கும் தேனீக் கூட்டம்

நேயர்களுக்கு வணக்கம். ஊருக்குள் தேனீக் கூட்டத்தைக் கண்டால் என்ன செய்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்காகப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் செய்யாதீர்கள். தள்ளி நில்லுங்கள், அவ்வளவுதான்.

நேற்றுவரை ஒன்றுமில்லாத மரக்கிளையில், விளக்குக் கம்பத்தில், சில சமயம் நிறுத்தி வைத்த வண்டியின் கண்ணாடியில்கூடத் திடீரென்று ஒரு பழுப்புக் கொத்து தொங்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் வானமே இரைந்திருக்கும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் சுழன்று சுழன்று பறந்திருக்கும். பார்த்தவர்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த இரைச்சல் கோபம் அல்ல. அது ஒரு குடும்பம் வீடு மாறுகிற சந்தடி.

கூடு நிறைந்து இடம் போதாமல் போனால் தேனீக் குடும்பம் இரண்டாகப் பிரியும். கிளம்புவது மகள் அல்ல, அம்மா. பழைய ராணி, கட்டிய வீட்டையும் சேர்த்த தேனையும் பிறக்கப்போகும் மகளுக்கு விட்டுவிட்டு, பாதிக்கும் மேற்பட்ட பணித் தேனீக்களோடு வெளியேறுகிறாள். போகிற தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டுதான் புறப்படும். புது வீடு கிடைக்கும்வரை கைச்செலவுக்கு அதுதான்.

தேனீ எதற்காகக் கொட்டும்? தேனைக் காக்க, குஞ்சைக் காக்க. தொங்குகிற இந்தக் கூட்டத்திடம் அடையும் இல்லை, குஞ்சும் இல்லை. காக்க ஒன்றும் இல்லாதபோது வலிய வந்து கொட்டுவது அபூர்வம். நாம் கல்லெறிந்தால், தண்ணீரைப் பீய்ச்சினால், பந்தம் கொளுத்தினால் கதை வேறு. சும்மா விட்டால் சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டொரு நாளில் தானே போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொல்வது பொந்திலும் பெட்டியிலும் வாழும் தேனீயைப் பற்றி. ஆசியாவில் மலைத்தேனீ என்று பெரிய வகை ஒன்று உண்டு. அது உயரமான கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் திறந்தவெளியிலேயே ஒரே ஒரு பெரிய அடை கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் தேனீ தொங்குவது மாதிரிதான் தெரியும். ஆனால் அது குடியேறிவிட்ட வீடு, உள்ளே தேனும் குஞ்சும் இருக்கும். குளவி நெருங்கினால் தேனீக்கள் வரிசையாக உடலைத் தூக்க, கூட்டின் மேல் அலை ஓடுவதுபோல் தெரியும். அந்தப் பக்கமே போகாதீர்கள். நாள் கணக்கில் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் அடை கட்டிவிட்டது என்றே வைத்துக்கொண்டு, பழகியவர்களைக் கூப்பிடுங்கள்.

சரி, போய்விடும் என்றேனே, எங்கே போகும்? இதைப் பேசத்தான் நான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

1949-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் மியூனிக் நகரம். போரில் குண்டு விழுந்து பாதி இடிந்து கிடந்த நகரம். அங்கே மார்ட்டின் லிண்டாவர் என்ற இளம் ஆராய்ச்சியாளர், தேனீக்களின் ஆட்டத்துக்குப் பொருள் கண்டுபிடித்த கார்ல் வான் ஃப்ரிஷின் மாணவர், புதரில் தொங்கிய ஒரு கூட்டத்தைக் கவனித்தார். பூவிருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ ஆடிக் காட்டும் என்பது அதற்குள் தெரிந்த விஷயம். பின்னாளில், 1973-இல், வான் ஃப்ரிஷுக்கு நோபல் பரிசு கிடைத்தது அதையும் சேர்த்துத்தான். இந்தக் கூட்டத்தின் மேற்பரப்பிலும் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆனால் அவற்றின் காலில் மகரந்தம் இல்லை. உடம்பெல்லாம் அழுக்கு! ஒன்று கரி பூசியிருந்தது. ஒன்று செங்கல் தூளில் சிவந்திருந்தது. இன்னொன்று மாவில் வெளுத்திருந்தது.

பூவுக்குப் போன தேனீ கரி பூசி வருமா? லிண்டாவருக்குப் பொறி தட்டியது அங்கேதான். இவை தேனுக்குப் போனவை அல்ல, வீடு பார்க்கப் போனவை. கரி, புகைபோக்கிக்குள் நுழைந்து பார்த்ததற்கு அடையாளம். செங்கல் தூள், இடிந்த சுவரின் பொந்துக்கு. நகரத்தில் காலியாக இருக்கிற இண்டு இடுக்கை எல்லாம் அளந்துவிட்டு, வந்து ஆடிக் காட்டுகின்றன. அழுக்கு உடம்போடு! எனக்கு இந்த இடம் சொல்லி அலுப்பதே இல்லை. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், தெரிகிறது.

முதலில் ஆளுக்கொரு திசை. ஒன்று வடக்கே என்கும், இன்னொன்று கிழக்கே என்கும். நல்ல இடம் பார்த்தது நிறைய நேரம் ஆடும், சுமாரான இடம் பார்த்தது சீக்கிரம் நிறுத்திக்கொள்ளும். ஆட்டம் பார்த்தவை தாமும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் ஆடும், கேட்டதை அப்படியே நம்பாது. இப்படியே போய் ஓர் இடத்துக்கு ஆதரவு குவியும். லிண்டாவர் ஆட்டத்தைப் படித்தே புது வீடு எங்கே என்று கணக்கிட்டார். கூட்டம் கிளம்பியபோது கீழே தெருத்தெருவாக அதன் பின்னால் ஓடவும் செய்தார். ஒத்துப்போகாமலே கிளம்பி, நடுவானில் இரண்டாகப் பிரிந்த கூட்டத்தையும் அவர் பார்த்திருக்கிறார்.

அப்புறம் அமெரிக்காவில் தாமஸ் சீலி என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். தேனீக்களுக்குப் பிடித்த வீடு ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவு, சின்ன வாசல், தரையிலிருந்து நல்ல உயரம். பல்லாயிரம் தேனீக்களில் வீடு தேடுபவை சில நூறுதான். மற்றவை காலோடு கால் கோத்துத் தொங்கி, ராணியைச் சுற்றிக் கதகதப்பைக் காத்துக்கொண்டு காத்திருக்கும். அவசரமே இல்லாமல் நடக்கிற தேர்தல் அது. நாம் போய்க் கலைப்பது அதைத்தான். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள், குழந்தைகளையும் நாயையும் உள்ளே வையுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கலாம், ஆனால் கிட்டப் போய் அல்ல. பூச்சி மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள்.

நேரம் முடியப் போகிறது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டியா, கிள்ளியா என்று யோசிக்க வேண்டாம், எப்படியோ சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து வருகிற வாசனை மற்ற தேனீக்களையும் கூப்பிடும். அதனால் அங்கேயே நின்று கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஏதாவது ஓர் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதித்துப் பயனில்லை, மேலே வரும்வரை அவை காத்திருக்கும். மூச்சு முட்டினாலோ, முகமும் நாக்கும் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ, நிறைய இடத்தில் கொட்டியிருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கூட்டத்தைப் பெட்டியில் பிடிப்பது பற்றி விரிவாகக் குறித்து வந்திருந்தேன், அதற்கு நேரமில்லை. தேனீ வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெட்டி வாசலில் தேனீக்கள் வயிற்றுப் பின்புறத்தைத் தூக்கி இறக்கையை விசிறிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் ராணி உள்ளே போய்விட்டது என்று கொள்ளலாம். உடனே தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். வீடு தேடப் போனவை இன்னும் வெளியே இருக்கும், இருட்டும்வரை பெட்டியை அங்கேயே விட்டு வையுங்கள். வணக்கம்.