செலவாகிப்போன சி-3

நேயர்களுக்கு வணக்கம். நான் மும்பையில் குழந்தை மருத்துவர். ஒரு மழைக்காலத்தில் தாராவியிலிருந்து ஒரு தாய் தன் ஏழு வயது மகனைக் கூட்டிவந்தார். முகம் வீங்கி, இமைகள் கனத்திருந்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றார். பையனின் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே சிரங்கு ஆறிய தழும்புகள். ரத்தத்தில் சி-3 என்ற புரதம் டெசிலிட்டருக்கு 28 மில்லிகிராம்தான் இருந்தது. சுமார் 90-க்கு மேல் இருக்க வேண்டியது.

"எம் புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா டாக்டர்?" என்று கேட்டார்.

"இருந்துச்சும்மா. இப்ப செலவாகியிருக்கு" என்றேன்.

சி-3 பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் சும்மா சுற்றிவரும் புரதம். கிருமியைக் கண்டதும் இரண்டாக உடையும். சிறிய துண்டு வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். பெரிய துண்டு கிருமியின் மேல் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அதுவும் கண நேரத்துக்குள் ஒட்டியாக வேண்டும், இல்லையென்றால் தண்ணீரோடு சேர்ந்து வீணாகிவிடும். ஒட்டிவிட்டால், 'இதை விழுங்கு' என்று வெள்ளை அணுவுக்கு வைத்த அடையாளம் அது. எனக்கு இன்றும் வியப்பு தருவது இந்த அவசரம்தான்.

இதைச் சேர்ந்த புரதக் கூட்டத்துக்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடியின் வேலையை நிறைவு செய்வதால் வந்த பெயர். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தை 56 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கினால் அந்தச் சக்தி போய்விடும். 1890-களில் இதை ஆராய்ந்த பெல்ஜியக்காரர் ஜூல்ஸ் போர்டே 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

சரி, பையனுக்கு என்ன ஆனது? சிரங்கை உண்டாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி போய்விட்டது. ஆனால் அதன் துகள்களும் ஆன்டிபாடிகளும் சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் தங்கிவிட்டன. சி-3 அங்கே போய்ப் போராடித் தீர்ந்துகொண்டிருந்தது. வீக்கமும் ரத்தம் கலந்த சிறுநீரும் அதனால்தான்.

இந்த நோயில் சி-3 பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஏறிவிடும். ஏறாவிட்டால், எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதனால் வீக்கம் வடிந்தாலும் மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தாய் விடவில்லை. எட்டாவது வாரம், கொட்டும் மழையில், ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். 104.