பாதி பொட்டலத்தில், மீதி லவ்டேலில்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எழுத எழுத இனிப்பது விடுமுறைக் காதல் கதையா, வாழ்க்கையைப் பிழிந்து தரும் கனமான கதையா என்பது தலைப்பு. நான் விடுமுறைக் காதல் பக்கம். 16 வருடமாக அந்தக் கதைகளை எழுதுகிறவள்.

எதிரணித் தலைவர், பேராசிரியர் அண்ணன், அருமையாகப் பேசினார். போகிற போக்கில் ஒன்றும் சொன்னார். "கோடை மலரில் வருகிற காதல் கதைக்கு ஆயுசு ஒரு வாரம். அடுத்த வாரம் அது கடலைப் பொட்டலம்." நீங்களும் கைதட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வரிசைப் பச்சைப் புடவை அக்கா கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள்.

அண்ணே, நான் இன்றைக்கு அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொண்டுவந்த குறிப்புகளை மடித்து வைத்தாயிற்று.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. கோடை மலருக்குக் கதையை ஏப்ரலிலேயே கேட்டுவிடுவார்கள். ஏப்ரல் மாதத் திருச்சியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் 2 மணி, கரண்ட் இல்லை, எழுதுகிற தாள் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அப்போது எழுதுகிறேன்: 'குன்னூரில் இறங்கியதும் அவளுக்குக் குளிரெடுத்தது.' எழுதிய கையோடு எனக்கு ஒரு தடவை தோள் சிலிர்க்கும். சத்தியமாகச் சிலிர்க்கும். அவள் ஸ்வெட்டரை வீட்டிலேயே மறந்துவிட்டாள். எதிர் சீட்டுக்காரனிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. இவள் கேட்க மாட்டாள், அவனுக்குக் கொடுக்கக் கூச்சம். இந்த ஒரு ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு நாலு பக்கம் போவேன். யாருக்கும் நோய் இல்லை, யார் தலையிலும் கடன் இல்லை, ஸ்வெட்டர் மட்டும்தான் பிரச்சினை. எழுதுகிற அந்த நேரம் முழுக்க வாயில் கற்கண்டை அடக்கி வைத்த மாதிரி இருக்கும்.

காதலை மலையில் கொண்டுபோய் வைத்தது நானும் இல்லை. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, தலைவனும் தலைவியும் கூடுவது அங்கே என்று நம் முன்னோர் எப்போதோ பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பிரிவுக்குப் பாலை, இரங்கி அழ நெய்தல். அந்த இரண்டையும் அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு மலை போதும்.

சரி, பொட்டலத்துக்கு வருவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வார இதழில் ஊட்டி மலை ரயிலை வைத்து ஒரு கதை எழுதினேன். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பி 46 கிலோமீட்டர் ஏறுகிற ரயில். வழியில் காட்டுக்குள் ஹில்குரோவ் என்று ஒரு குட்டி ஸ்டேஷன், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும். என் கதாநாயகி காபி வாங்க இறங்குகிறாள். குரங்கு வந்து அவள் பன்னைப் பிடுங்குகிறது. அந்த ரகளையில் ரயில் கிளம்பிவிடுகிறது. காபியோடு ஓடி வருகிறாள். முன்னால் இருக்கும் இன்ஜினின் புகை முகத்தில் அடிக்கிறது. கதவோரத்தில் அவன். அவன் கையை நீட்டினான். அவள்...

பக்கம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் பத்திரிகை ஆபீஸ் வழியாக எனக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. குன்னூரிலிருந்து, ரிட்டயரான ஒரு ரயில்வேக்காரர். நீல மையில் குண்டு குண்டாக எழுத்து. 'அம்மா, கடலை வாங்கினேன். பொட்டலத் தாளில் தங்கள் கதை இருந்தது. கடைசிச் சொல், அவள். அந்த அவள் ஏறினாளா, இல்லையா?'

கேட்டீர்களா அண்ணே? மனிதர் கடலையைத் தின்று முடித்து, உப்பைத் தட்டிவிட்டு, தாளை நீவிப் படித்திருக்கிறார். படித்ததோடு விட்டாரா? கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறார். "தம்பி, இதுக்கு அடுத்த தாள் எங்கே?" கடைக்காரர் சொன்னாராம்: "அதுல இப்பத்தான் ஒரு டூரிஸ்டுக்குக் கடலை மடிச்சுக் கொடுத்தேங்க. அவர் ஊட்டி ரயில் ஏறிட்டார். இந்நேரம் லவ்டேல் தாண்டியிருப்பார்."

லவ்டேல்! ஊட்டிக்கு முந்தின ஸ்டேஷனுக்கு நிஜமாகவே அதுதான் பெயர், நான் சேர்த்தது இல்லை. நடுவர் அவர்களே, கொஞ்சம் கண்ணை மூடிப் பாருங்கள். கதாநாயகி ஹில்குரோவில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாள். கதாநாயகன் நீட்டிய கை லவ்டேலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு மலையே இருக்கிறது. மலை நிறையக் கடலை வாசம்!

அந்த லெட்டரில் இரண்டாவது பத்தியும் உண்டு. 'மேலும் ஒரு திருத்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் நின்று தள்ளும். ஆகவே புகை முன்னாலிருந்து வராது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்த ரயில், 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில். கதையிலும் சரியாக ஓட வேண்டாமா?'

அவர் பிரேக்ஸ்மேனாக வேலை பார்த்தவர். அந்த ரயிலில் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒருவர் வெளியே நிற்பார். 12 அடிக்கு 1 அடி ஏறுகிற இடமெல்லாம் உண்டு, கையால் பிரேக் பிடிக்க ஆள் வேண்டும். இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் பச்சைக் கொடியைக் காட்டுவார். அதைப் பார்த்து அடுத்த பெட்டிக்காரர் காட்டுவார். அப்படியே பெட்டி பெட்டியாகச் செய்தி டிரைவருக்குப் போய்ச் சேரும்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு செய்தி கொடி கொடியாகக் கைமாறிப் போகிறது என்று ஒருவர் எழுதி அனுப்பினால் காதல் கதை எழுதுகிறவள் எப்படித் தூங்குவாள்? அந்த மே மாதமே விட்டுப்போன பக்கத்தை எடுத்துக்கொண்டு குன்னூர் போய்விட்டேன்.

சின்ன வீடு, வாசலில் தொட்டிச் செடிகள். அவர் வீட்டம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது: "ஏறினாளா?" தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டாச்சு. "இவர் என்கிட்ட ஒரு முடிவு சொன்னார்மா. அந்தப் பொண்ணு மறுநாள் வண்டிக்கு டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்துச்சாம். இதெல்லாம் ஒரு முடிவா?"

நான் உட்கார்ந்து படித்தேன். அவள் கையைப் பிடித்துவிட்டாள், ஏறியும் விட்டாள். காபி மொத்தமும் அவன் வெள்ளைச் சட்டையில். அந்த அம்மா கை கொட்டிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ரொம்பக் கவலையாகக் கேட்டார்கள்: "கறை போச்சா?"

அண்ணே, எழுதுகிறவளுக்கு இந்தக் கேள்விக்கு மேல் என்ன பரிசு வேண்டும்? இல்லாத ஒருவன், இல்லாத சட்டை, அதில் இல்லாத கறை. அது போச்சா என்று ஒரு பெரிய மனுஷி கவலைப்படுகிறார்கள். நீங்கள் சொன்ன அந்தப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்த கேள்வி அது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

கிளம்பும்போது அந்த அம்மா கேட் வரை வந்தார்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்: "இந்த ரயில்ல நான் எத்தனையோ தடவை போயிருக்கேன்மா. ஒரு தடவைகூட அவர் பக்கத்துல உக்காந்ததில்லை. நான் உள்ளே இருப்பேன். அவர் வெளியே கொடியோட நிப்பார். மழை பெஞ்சாலும் அங்கேதான். கண்ணாடி வழியா முதுகைத்தான் பார்த்துக்கிட்டு வருவேன். ரிட்டயர் ஆனப்புறம் எனக்கு முழங்கால் வலி, படி ஏற முடியலை."

எனக்கு அங்கே ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கதை எழுதத்தான் தெரியும். அன்றைக்கு ராத்திரி லாட்ஜ் அறையில், போர்வையைப் போர்த்திக்கொண்டு எழுதினேன்.

அதில் அவர்கள் இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்தில் ஏறுகிறார்கள். முழங்கால் வலி இல்லை. எழுதுவது நான்தானே, வலியை எடுத்துவிட்டேன். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அந்த அம்மா. வெளியே வேறொரு பையன் கொடி பிடித்திருக்கிறான். கல்லாறு தாண்டி ரயில் மலையைப் பிடித்து ஏறுகிறது. இன்ஜின் விசில் கேட்டதும் அவர் கை தன்னால் பிரேக்கைத் தேடுகிறது. அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். ஹில்குரோவ் வரைக்கும் விடவில்லை.

அடுத்த வருடக் கோடை மலரில் அது வந்தது. குன்னூருக்கு இரண்டு பிரதி அனுப்பினேன். ஒன்று அவர்கள் வீட்டுக்கு. இன்னொன்று அந்தக் கடலைக் கடைக்கு.

வணக்கம்.