வளவு வீட்டில் ஒரு காலப் பயணம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தந்தையை இழந்த அக்காளும் தம்பியும் காலத்தைக் கடந்து போவதாகச் சிறுவர்களுக்கு நான் எழுதிவரும் சாகச நாவலைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். கதை நடக்கும் இடம் காரைக்குடிக்கு அருகே ஒரு செட்டிநாட்டு ஊர். அக்காளுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு வயது.

துயரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் காலப் பயணக் கதை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் பிரான்மலையைத்தான் சுட்டிக்காட்டுவேன். பாரியின் பறம்புமலை என்று அறிஞர்கள் கருதும் அந்த மலை நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 112-ஆம் பாட்டுக்கு ஐந்தே அடிகள். அன்றைய நிலவில் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது. இன்றைய நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை என்று சொல்லிப் பாட்டு நின்றுவிடுகிறது. தந்தை எத்தகையவர், எப்படி இறந்தார் என்று ஒரு சொல்கூட இல்லை. பெற்றவரைப் பறிகொடுத்த எந்தப் பிள்ளையும் இப்படித்தான் போன பொங்கலுக்கும் இந்தப் பொங்கலுக்கும் இடையில் நடந்துகொண்டிருக்கிறது என்பதால், அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காலப் பயணம் புதிய செய்தியே அன்று.

ஆனால் இத்தகைய கதையைப் படிக்கத் தொடங்கும் குழந்தை முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வியோடு உட்காருகிறது: அப்பாவைக் காப்பாற்றிவிடுவார்களா? சாவித்திரி கதையையும் மார்க்கண்டேயன் கதையையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், எமன் திரும்பிப் போவான் என்று எதிர்பார்ப்பதில் வியப்பில்லை. அந்த எதிர்பார்ப்பைக் கடைசி அத்தியாயம் வரை இழுத்துச் சென்று உடைப்பது கொடுமை என்பதால், கேட்ட ஆண்டுக்கு வழி திறக்காது என்ற விதியை இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வழி எது என்பதில் எனக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பைத் தாண்டினால் வளவு, வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தேக்குக் கதவுகளோடு வரிசையாக அறைகள். திருமணமாகிக் குடும்பமாகும் ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், ஓர் அறை என்பது வழக்கம். பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் பல அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடக்கின்றன. குடும்பம் படைப்புக்காக ஊருக்கு வந்திருக்கிறது. முன்னோரை நினைத்துப் பேழையில் காத்துவரும் வேட்டியையும் சேலையையும் எடுத்து வைத்துப் படைக்கும் அந்தச் சடங்கில், மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றைப் பார்த்துத் தம்பி, “இது யாரு கட்டிக்கிறதுக்கு?” என்று கேட்கிறான். பெரியவர்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு ஓலைக் கொட்டானிலிருந்து ஒரு நீளச் சாவியை எடுத்து அவன் ஓர் அறையைத் திறக்கிறான்.

அவர்கள் போய்ச் சேருவது 1942. இந்த ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குச் செட்டிநாடே காரணம். கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் அப்போது பர்மாவில் இருந்தார்கள். 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைக்காத இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள். காலராவும் மலேரியாவும் வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. திருச்சி வானொலி 1939-லேயே தொடங்கிவிட்டது என்பதால், முகப்பில் கூடி யுத்தச் செய்தி கேட்கும் ஒரு காட்சியை நாவலில் வைத்திருக்கிறேன். வானொலியில் பேச வந்த இடத்தில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான்.

அந்த வீட்டில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். இந்தப் பிள்ளைகளுக்கு அவன் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா. இரங்கூனிலிருந்து கடிதம் வருவது நின்றுபோனதால், ரயிலேறிச் சென்னைக்குப் போய்க் கப்பல் பிடித்துத் தகப்பனாரைத் தேடப்போவதாக இரவில் கிளம்பிவிடுகிறான். ஊருணிக் கரையிலும் கண்மாய்க்கரை இருட்டிலும் இருவரும் அவனைத் துரத்துகிறார்கள். சாகசம் இங்கே முழுவீச்சில் இருந்தாக வேண்டும். பசியும் பயமும் நாய்க்குரைப்பும் இல்லாமல் துக்கத்தை மட்டும் பேசினால், அறிவுரைக்குக் கதை வேடம் போட்டிருக்கிறது என்பதைக் குழந்தைகள் பத்தே பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிடிபட்ட பையன் கேட்கிறான்: “எங்க அப்பச்சி வந்துருவாகளா?” அக்காளுக்கு விடை தெரியும். தங்கள் காலத்தில் முகப்பில் மாட்டியிருக்கும் அவன் தகப்பனார் படத்தின் கீழே ‘மறைவு 1942’ என்று எழுதியிருப்பதை அவள் படித்திருக்கிறாள். இருந்தும், “வந்துருவாக” என்று சொல்லிவிடுகிறாள். மருத்துவமனை வராந்தாவில் பெரியவர்கள் அவளிடம் சொன்ன அதே சொல், அதே குரல்.

நாவலை நான் எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். சாவு வீட்டில் பிள்ளைகளிடம் நாம் பொய் சொல்கிறோம். வெளியூர் போயிருக்கிறார் என்கிறோம், சாமிகிட்டே போயிருக்கிறார் என்கிறோம். பிள்ளைகள் அதை நம்புவதுபோல் நடந்துகொண்டு நமக்கு உதவுகிறார்கள். காலப் பயணமோ, வரப்போவதை அறிந்தவர்களாகப் பிள்ளைகளையே ஆக்கி, பெரியவர்கள் நின்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பொய் சொல்வது எவ்வளவு எளிது, அதைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே நின்றுதான் அவர்கள் அறிய முடியும்.

தம்பியும் எழுத்துக்கூட்டி அந்தப் படத்தைப் படித்திருக்கிறான் என்பது அக்காளுக்குத் தெரியாது. இங்கே அக்காளை ஆச்சி என்றே அழைப்பார்கள். “ஆச்சி, நம்ம அப்பச்சி பிழைக்க மாட்டாகன்னும் ஒனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று அவன் கேட்கிறான். அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கண்மாய்க்கரையில் இருவருக்கும் நடக்கும் சண்டை ஓர் அத்தியாயம் முழுவதும் நீள்கிறது. கையெழுத்துப் படியைப் படித்த நண்பர்கள் சுருக்கச் சொன்னார்கள், நான் சுருக்கவில்லை.

அதற்குப்பின் பையனிடம் அவள் என்ன சொல்கிறாள் என்பதைப் படிப்பவர்களுக்கே விட்டுவைக்கிறேன். ஆனால் கண்விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு என்று முடிக்கும்படி சிலர் சொன்னதற்கு மட்டும் நான் உடன்படவில்லை. கனவென்று ஆகிவிட்டால் தம்பி கேட்ட கேள்வியும் நடக்கவில்லை, ஆச்சி அழுதுகொண்டே சொன்ன பதிலும் நடக்கவில்லை என்றாகிவிடும். அவ்வளவு பாடுபட்டு அவளை உண்மை பேசவைத்த பிறகு, அதை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. வணக்கம்.