தடைக்காலம் மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்தால் திருவள்ளூர் மாவட்டம் தொடங்கி கன்னியாகுமரி நகரம் வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் தொடங்கியபோது இது 45 நாள்தான்; 2017-இல் நீட்டினார்கள். மீன் சினைபிடித்துப் பெருகட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தடை முடிந்து கடலுக்குப் போன படகுகள் எதைக் கொண்டுவந்து இறக்குகின்றன என்று பார்க்க வேண்டாமா?

நல்ல மீனோடு கூடை கூடையாக விரல் நீளக் குஞ்சுகளும் வரும். ராமேசுவரம் பக்கம் இதைச் சங்காயம் என்பார்கள். கறிக்கு ஆகாது. காயவைத்தால் கோழித்தீவனம், இல்லையென்றால் மீன்தூள் ஆலை. ஒரு கூடையைக் கிளறிப் பாருங்கள்: சங்கராக் குஞ்சு, சீலாக் குஞ்சு, நண்டுக் குஞ்சு. வளர விட்டிருந்தால் கிலோ என்ன விலைக்குப் போயிருக்கும்!

கோளாறு மடியில் இருக்கிறது. படகு இழுத்துப்போகும் இழுவலையின் கடைசியில் மீன் சேரும் பைதான் மடி. அதில் வழக்கமாக இருப்பது சாய்சதுரக் கண்ணி, அதாவது சாய்சதுர வடிவ வலைத் துளை. படகு இழுக்க, மீன் பாரமும் ஏற, கண்ணி நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்ளும். குஞ்சு எங்கே போகும்? சதுரக் கண்ணி வைத்துத் தைத்த மடியோ இழுக்கும்போதும் திறந்தே நிற்கும்; குஞ்சு தப்பிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. குஞ்சுகளைப் பிடிக்காமலிருக்க, கேரளம் 2015-இலேயே பிடிக்கிற மீனுக்கு மீன் குறைந்தபட்ச அளவு வைத்துவிட்டது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும்.

"நான் மட்டும் மடியை மாத்தினா, பக்கத்துப் படகுக்காரன் வாரிட்டுப் போயிடுவானே?" என்று படகு உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டீசல் கடனோடு கடலுக்குப் போகிறவரிடம் தனியாகத் தியாகம் செய் என்று சொல்ல முடியாது. தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள் அல்லவா? அப்போதே மடியையும் விரித்துக் காட்டச் சொல்லலாம். துறைமுகம் முழுக்க ஒரே சமயத்தில், ஒரே விதி: சதுரக் கண்ணி மடி. புது மடிக்கான செலவில் பாதியையாவது அரசு ஏற்க வேண்டும். படகு கட்டிக் கிடக்கிற அந்த இரண்டு மாதத்தில் உரிமையாளர் கையில் காசு இருக்காது.