வடசென்னையின் முதல் ஒரு மணி நேரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். செவிலியர்கள், 108 ஊர்திப் பணியாளர்கள், மீனவர் பஞ்சாயத்தார், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் எனப் பேரிடர் நாளில் முதலில் களத்தில் நிற்கப் போகிறவர்களே இன்று இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில், எண்ணூரில் கப்பலிலிருந்து கரைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதிகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடி வந்தார்கள். பல பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். உயிரிழப்பு இல்லை என்று தெரிந்ததும் ஊர் மூச்சு விட்டது, நானும்தான். ஆனால் அன்று ஐந்நூறு பேர் வந்திருந்தால் எங்கே போயிருப்பார்கள், அவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று யார் முடிவு செய்திருப்பார்கள், எத்தனை பேருக்கு ஆக்சிஜன் கொடுத்திருக்க முடியும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன.

நம் பகுதியின் அமைப்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆபத்து பெரும்பாலும் வடக்கே இருக்கிறது: மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும், அத்திப்பட்டில் அனல்மின் நிலையம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம். பெரிய ஆஸ்பத்திரிகளோ தெற்கே இருக்கின்றன: பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி, இராயபுரத்தில் பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம்., அதற்கும் அப்பால் சென்ட்ரல் எதிரே ஜி.எச்., தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம். எண்ணூருக்கும் ஸ்டான்லிக்கும் இடையே பத்து கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தச் சாலையில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெருமழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதையிலும் தண்ணீர் தேங்கி, மேற்கே செல்லும் வழியும் அடைபடுகிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரத்து மருத்துவம் எண்ணூரிலும் மணலியிலும் திருவொற்றியூரிலுமே நடந்தாக வேண்டும். ஸ்டான்லியில் இன்னும் நூறு படுக்கை கூட்டுவதை நான் வரவேற்பேன். ஆனால் அது மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோவின் சுரங்க ரயில்களில் சாரின் விஷவாயு பரப்பப்பட்டபோது, அருகிலிருந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் ஆம்புலன்சில் வரவில்லை. நடந்தும், டாக்சியிலும், வழியில் போன வாகனங்களிலும் வந்தார்கள். உலகெங்கும் காணப்படும் நடைமுறை இது: நடக்க முடிந்தவர்கள் முதலில் வந்து, மிக அருகிலுள்ள மருத்துவமனையை நிரப்பிவிடுவார்கள், நடக்க முடியாதவர்கள் பின்னால் வருவார்கள், அப்போது அவர்களுக்கு இடம் இருக்காது. வந்தவர்களின் ஆடையில் படிந்திருந்த நஞ்சு மருத்துவரையும் செவிலியரையும் கூடப் பாதித்தது. ஆயினும் அந்த மருத்துவமனை அன்று தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், கட்டும்போதே அதன் நடைக்கூடங்களிலும் வழிபாட்டுக் கூடத்திலும் ஆக்சிஜன் குழாய்களைச் சுவருக்குள் வைத்திருந்தார்கள் என்பது. போர்க்காலக் குண்டுவீச்சில் இடமின்றித் தவித்ததைக் கண்ட மருத்துவர் ஹினோஹாரா, பழிப்புக்கு அஞ்சாமல் அப்படிக் கட்ட வைத்தார். நம் பகுதியில் இனி எழும்பும் ஒவ்வொரு மருத்துவமனைக் கட்டடத்திலும் இதை நாம் கேட்க வேண்டும். கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சிறிது; கட்டிய பின் சுவரை உடைப்பது யாராலும் ஆகாது.

வாசலில் என்ன நடக்கும் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அமோனியா தண்ணீரில் உடனே கரையும். ஆகவே பாதிக்கப்பட்டவரின் ஆடையைக் களைந்து, கண்ணையும் தோலையும் ஏராளமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். உள்ளே அழைப்பது அதற்குப் பிறகுதான். இதற்கு வேண்டியவை ஹோஸ் பைப், வாளிகள், பெண்களுக்கு மறைப்புத் திரை, மாற்றிக்கொள்ள நைட்டியும் லுங்கியும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றை ஓர் அலமாரியில் வைத்திருக்க முடியாதா? கழுவிய பின், உடனே பார்க்க வேண்டியவர் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக் கூடியவர் மஞ்சள், லேசான பாதிப்புள்ளவர் பச்சை என்று பிரிக்க வேண்டும். குரல் கரகரத்தவர், எச்சில் விழுங்கத் தடுமாறுபவர் ஆகியோர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தொண்டை வீக்கம் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கலாம். இந்த நேரத்தில் ஒவ்வொருவருக்கும் முழு ஏ.ஆர். (விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு) எழுதிய பிறகே மருந்து என்று நின்றால் வரிசை தெருவுக்குப் போய்விடும். எண்ணிட்ட அட்டையைக் கையில் கட்டி, பெயர், நேரம், நிறம் மூன்றை மட்டும் எழுதிவிட்டு, ஏ.ஆர். பதிவைப் பின்னர் முடிக்கலாம் என்று எழுத்துப்பூர்வ உத்தரவு முன்கூட்டியே இருக்க வேண்டும். பணியிலிருக்கும் இளம் மருத்துவர் அந்த நள்ளிரவில் தம் பொறுப்பில் விதியை மீறும்படி விட்டுவிடுவது நியாயமல்ல.

ஆக்சிஜன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரிய டி-டைப் சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் பதினைந்து பேருக்குக் கொடுத்தால் ஒரு சிலிண்டர் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோவிட் இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு காத்துக் கிடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. எந்த மருத்துவமனையில் இந்த நிமிடம் எத்தனை படுக்கை, எத்தனை சிலிண்டர் என்பது 108 கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிய வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பின்னர் தரும் என்ற உறுதி முன்பே கையெழுத்தாகியிருந்தால், எந்த வாசலிலும் முன்பணம் பற்றிய பேச்சு எழாது.

மருத்துவமனையே பாதிக்கப்படும் நாளும் வரும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அமோனியம் நைட்ரேட் வெடித்தபோது, காயமடைந்தோர் வந்து சேர வேண்டிய மருத்துவமனைகள் சில தாமே நொறுங்கிக் கிடந்தன. மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் அதே வேதிப்பொருள் சுமார் 700 டன், 2015-இல் பறிமுதல் செய்யப்பட்டதிலிருந்து கிடந்தது. பெய்ரூட்டுக்குப் பிறகே அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குள் ஆற்று நீர் புகுந்து மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்பவற்றை மருத்துவமனை ஆலோசனைக் கூட்டங்களில் நீங்கள் கேட்கலாம்.

புயல் நாளில் காயம்பட்டவர்களை விட, மருந்து தடைப்பட்டவர்களே அதிகம் அல்லற்படுகிறார்கள். 2016-இல் வர்தா புயலுக்குப் பிறகு பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்வோர், வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்போர், இன்சுலின் போடுவோர், பேறுகாலம் நெருங்கியோர் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் வார்டு வாரியாக நகர்ப்புறச் செவிலியரிடம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தயாராக வேண்டும். அவர்களைப் புயலுக்கு முந்திய நாளே இடம் மாற்றிவிட்டால், வெள்ளத்துக்கு நடுவே தேட வேண்டியதில்லை. வெள்ளக் காலங்களில் படகோடு வந்து மக்களை மீட்ட மீனவர்களின் பெயர்களும் கைப்பேசி எண்களும் அதே ஏட்டில் இருக்கட்டும். அவர்களுக்கு டீசலும் கூலியும் யார் தருவது என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும்.

இவற்றில் பலவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. போபாலுக்குப் பிறகு உருவான இரசாயன விபத்துகள் தொடர்பான 1996-ஆம் ஆண்டு விதிகள், ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று வேண்டும் என்கின்றன. அதில் உள்ளூர் மருத்துவர்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவிலான ஒத்திகையும் நடத்தியாக வேண்டும். ஒத்திகை பகலில், ஆலை வளாகத்துக்குள், முன்பே சொல்லிவைத்து நடந்தால் அது ஆலைக்குப் பயிற்சியாகலாம், குப்பங்களுக்கு ஆகாது. உங்கள் பகுதிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். அடுத்த ஒத்திகையை இரவில், சின்னகுப்பத்திலிருந்தே தொடங்கும்படி கோருங்கள். முதல் நோயாளியைக் கழுவத் தொடங்கியது எத்தனையாவது நிமிடத்தில், சிவப்பு அட்டை கட்டியவர் ஸ்டான்லியை அடைந்தது எத்தனையாவது நிமிடத்தில் என்னும் இரண்டு விவரங்களையும் மறுநாளே வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.