தனி மேடை வேண்டும்!

நடுவர் அவர்களுக்கும், நான் வாய் திறக்கும் முன்பே முறைக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

'ஸ்பானிய இசைக்கு லத்தீன் கிராமி விழா உயர்வா, ஒதுக்கலா?' இதுதான் தலைப்பு. கிராமி என்பது அமெரிக்காவின் பெரிய இசை விருது; ஸ்பானிய, போர்த்துகீசிய இசைக்கென்று தனியாக நடப்பது லத்தீன் கிராமி. ஒதுக்கல்தான் என்று எதிரணித் தலைவர் வெளுத்துக் கட்டினார். "2026 பிப்ரவரியில் போர்ட்டோ ரிகோ தீவுப் பாடகர் பேட் பன்னியின் ஸ்பானிய ஆல்பத்துக்குப் பொது கிராமியே 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருதைக் கொடுத்துவிட்டது. அப்புறம் எதற்கய்யா தனிப் பந்தி?" என்று கேட்டுக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்டார்.

ஐயா, அதே ஆல்பத்துக்கு லத்தீன் கிராமி அதே விருதை 2025 நவம்பரிலேயே லாஸ் வேகஸில் கொடுத்துவிட்டதே, அதை ஏன் முழுங்கினீர்கள்? 1959-இல் தொடங்கிய பொது கிராமிக்கு, ஒரு ஸ்பானிய ஆல்பத்தை அந்த நாற்காலியில் உட்காரவைக்க 67 வருஷம் ஆகியிருக்கிறது!

தனிப் பந்தி என்கிறீர்களே, அங்கே சமைப்பது யார், பரிமாறுவது யார் என்று பார்த்தீர்களா? ஓட்டுப் போடுகிறவர்கள் லத்தீன் இசைத் துறையிலேயே வேலை செய்கிறவர்கள். அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்குத் தனி விருது, ஸ்பெயினின் ஃபிளமெங்கோவுக்குத் தனி விருது, மெக்சிகோவின் நோர்டெனோவுக்குத் தனி விருது. பிரேசிலின் போர்த்துகீசியப் பாட்டுக்கும் இடம் உண்டு. அடுப்பும் அவர்களுடையது, அகப்பையும் அவர்களுடையது. இதற்குப் பெயர் ஒதுக்கலா?

பொதுப் பந்தியில் நடந்த உபசாரத்தையும் சொல்கிறேன். 2023 பிப்ரவரி, பொது கிராமி விழா. தொடக்க நிகழ்ச்சியே பேட் பன்னிதான். போர்ட்டோ ரிகோ மேளம் முழங்குகிறது, முன்வரிசையில் நட்சத்திரங்கள் எழுந்து ஆடுகிறார்கள். காது கேளாதவர்களுக்காக டிவி திரையில் எழுத்து ஓடுமே, அதில் என்ன வந்தது தெரியுமா? 'ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடுகிறார்.' அவ்வளவுதான்! நாலு கோடிப் பேருக்கு மேல் வீட்டில் ஸ்பானியம் பேசுகிற அமெரிக்காவில், அந்த மொழியின் பெயரைப் போடக்கூட ஆளில்லை.

ஒளிபரப்பியது அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ். 2000 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் லத்தீன் கிராமியைக் காட்டியதும் அதே சிபிஎஸ்தான். ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து ஓடியது. 2005-இல் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷனுக்கு மாறிய பிறகுதான் அறிவிப்பாளர் ஸ்பானியத்திலேயே பேச முடிந்தது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 2019-இல் ரெகேடோன் என்ற லத்தீன் ஆட்ட இசைப் பாடகர்களுக்கு முக்கியப் பிரிவுகளில் பெயரே இல்லை. டாடி யாங்கியும் ஜே பால்வினும் கொதித்துப்போய், "ரெகேடோன் இல்லாமல் லத்தீன் கிராமி இல்லை" என்று கொடி பிடித்தார்கள். அடுத்த வருஷமே ரெகேடோனுக்கென்று புதுப் பிரிவு வந்தது. சொந்த வீட்டுச் சண்டை, சீக்கிரம் தீர்ந்தது. (முழுசாகத் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். 2021-இல் பால்வின் மறுபடியும் முறுக்கிக்கொண்டார்.)

கடைசியாக ஒரு பாட்டி. ஆஞ்செலா ஆல்வாரெஸ், கியூபாவில் பிறந்தவர். சின்ன வயதில் பாடகியாக வேண்டும் என்றதற்கு அப்பா, "வீட்டோடு பாடு, வெளியே வேண்டாம்" என்றுவிட்டார். கல்யாணம், குழந்தைகள், ஊரை விட்டு அமெரிக்கா, கணவரின் சாவு. எழுதிய பாட்டெல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. பேரன் ஒருவர் அவற்றைப் பதிவு செய்து ஆல்பமாக்கினார். 2022-இல் லத்தீன் கிராமி 'சிறந்த புதுமுகம்' விருதை மெக்சிகோவின் இளம் பாடகி சில்வானா எஸ்த்ராதாவோடு பகிர்ந்து வாங்கினார். புதுமுகத்துக்கு வயது 95!

எதிரணியிலிருந்து அடுத்து வருகிறவர் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும்: இந்தப் பாட்டியை உங்கள் பொதுப் பந்தியில் எந்த இலையில் உட்காரவைப்பதாக இருந்தீர்கள்? நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.